பள்ளிக் கணக்கும் வயல் கணக்கும்

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது” என்று கிராமங்களில் சொல்வது வழக்கம். கணக்குப் பார்த்தால் மனம் உடைந்துவிடும், ஆகவே பார்க்காமல் இருப்பதே நல்லது என்ற பொருளில்தான் பெரும்பாலோர் இதைச் சொல்கிறார்கள். ஆனால் உழக்கு மிஞ்சாமல் போனதற்குக் காரணம் என்ன என்று தெரிய வேண்டுமானால் கணக்குத்தான் பார்க்க வேண்டும். பணம் விதையில் போயிற்றா, உரத்தில் போயிற்றா, வட்டியில் போயிற்றா, எடையில் போயிற்றா என்பது தெரியாத வரையில் அடுத்த சாகுபடியிலும் அதே இடத்தில்தான் ஒழுகும்.

இந்தக் கணக்கைப் பார்க்கக்கூடிய ஆள் பல விவசாயிகளின் வீட்டிலேயே இருக்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனோ மகளோதான் அந்த ஆள். சதவீதம், வட்டி, பரப்பளவு, கன அளவு எல்லாம் பள்ளியில் சொல்லித் தரப்படுகின்றன. ஆனால் “அப்பா இரண்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறார், அது ஆண்டுக்கு எத்தனை சதவீதம்?” என்று கேட்டால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகூடத் திகைத்து நிற்கிறது. புத்தகத்தில் வட்டி ஆண்டுக் கணக்கில் இருக்கிறது; ஊரில் மாதக் கணக்கில் இருக்கிறது. இரண்டையும் யாரும் இணைத்துக் காட்டுவதில்லை. வாழ்க்கைக்கு வேண்டிய கல்வியைப் பள்ளியில் தர வேண்டும் என்று பேசுகிறோம். விவசாயி வீட்டுப் பிள்ளையைப் பொறுத்தவரை அதன் முதல் படி, வயலைக் கணக்கு நோட்டுக்குள் கொண்டுவருவதுதான்.

செட்டிநாட்டில் இருந்த பயிற்சி

இது புதிய யோசனை அல்ல. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் நகரத்தார் தங்கள் பையன்களுக்கு இத்தகைய கல்வியைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்தார்கள். முதலில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி. முந்திரி என்றால் 320-ல் ஒன்று, காணி என்றால் 80-ல் ஒன்று, மா என்றால் 20-ல் ஒன்று என்று சிறு பின்னங்களைக்கூட மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். நிலம் அளப்பதற்கும் நெல் அளப்பதற்கும் வட்டி போடுவதற்கும் இந்தப் பின்னங்களே அக்காலத்தில் தேவைப்பட்டன.

அடுத்து, பையனைக் கடையில் சேர்ப்பார்கள். அவனுக்குப் “பெட்டியடிப் பையன்” என்று பெயர். எடுபிடி வேலை செய்துகொண்டே அன்றாடக் குறிப்பு எழுதவும், அதைப் பேரேட்டில் ஏற்றவும், ஐந்தொகை எடுத்துச் சரிபார்க்கவும் பழகுவான். தேர்ந்த பிறகு அடுத்தாளாக உயர்ந்து, பின்னர் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் இருந்த கடைகளுக்கு மேலாளாகவோ ஏஜெண்டாகவோ போவான். கடல் கடந்த ஊரில் பெரும் பணத்தை நம்பிக்கையாக நிர்வகிக்க அவனால் முடிந்ததற்குப் பிறவித் திறமை மட்டும் காரணமல்ல. சிறு வயதிலிருந்தே உண்மையான பணத்துக்கு உண்மையான கணக்கை நாள்தோறும் எழுதியதுதான் முக்கியக் காரணம்.

ஆனால் இந்தப் பயிற்சி ஒரு சமூகத்தின் ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே கிடைத்தது. அதே ஊரில் ஏர் ஓட்டியவரின் மகனுக்கும் நாற்று நட்டவரின் மகளுக்கும் கிடைக்கவில்லை. இன்று பள்ளி எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அந்தப் பயிற்சியையும் எல்லாருக்கும் திறந்துவிட வேண்டியதுதான் பாக்கி.

பர்மா நெல் வயல்கள் சொல்லும் பாடம்

கணக்கு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கீழ் பர்மாவே சான்று. அங்கு நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்களில் செட்டிநாட்டார் முக்கியமானவர்கள். 1930-ம் ஆண்டையொட்டி உலகெங்கும் மந்தம் ஏற்பட்டு நெல் விலை சரிந்தது. வாங்கிய கடன் அப்படியே நிற்க, விற்ற நெல்லுக்குப் பணம் வரவில்லை. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937-ல் அது சுமார் 25 சதவீதமாகிவிட்டது. நிலத்தை விரும்பி வாங்கியதைவிட, திரும்பாத கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்த நிலமே அதிகம்.

பர்மா விவசாயிக்கு வட்டிக் கணக்குத் தெரிந்திருந்தால் விலை வீழ்ச்சி நின்றிருக்காது. ஆனால் விலை பாதியானால் எத்தனை மூட்டை கடனுக்கே போகும் என்று முன்கூட்டியே போட்டுப் பார்த்திருந்தால், எவ்வளவு வாங்கலாம் என்பதில் ஓர் எச்சரிக்கை இருந்திருக்கும். கடன் கொடுத்தவர்களுக்கும் அந்த நிலம் நிலைக்கவில்லை. 1942-ல் ஜப்பானியப் படை நுழைந்தபோது ஆயிரக்கணக்கானோர் எல்லாவற்றையும் விட்டு ஓடி வந்தார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நில தேசிய உடைமைச் சட்டம் இயற்றியது. கணக்கு எல்லா ஆபத்தையும் தடுக்காது. ஆனால் கணக்குத் தெரியாதவர்தான் முதலில் விழுகிறார்.

வட்டி: மாதமா, ஆண்டா?

பிள்ளைகள் முதலில் கற்க வேண்டியது இது. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். 3 ரூபாய் என்பது 36 சதவீதம். சாகுபடிச் செலவுக்கு 20,000 ரூபாய் ஆறு மாதத்துக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு வட்டிக்கு வாங்கினால் வட்டி 2,400 ரூபாய். மூன்று வட்டியானால் 3,600 ரூபாய். வங்கியில் 7 சதவீதத்துக்கு வாங்கினால் 700 ரூபாய். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. இந்த நான்கு தொகைகளையும் பிள்ளை ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டினால், சங்கத்துக்கு நான்கு முறை நடக்க வேண்டியிருந்தாலும் நடக்கலாம் என்று வீட்டில் முடிவு செய்வார்கள்.

வட்டி கட்டாமல் அசலோடு சேர்ந்தால் கடன் எப்போது இரட்டிக்கும் என்பதற்கு எளிய வழி உண்டு. 72-ஐ மாத வட்டியால் வகுக்க வேண்டும். இரண்டு வட்டியானால் 36 மாதம், மூன்று வட்டியானால் 24 மாதம், ஐந்து வட்டியானால் 14 மாதத்துக்குச் சற்று அதிகம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு இது.

தண்டல் கடனில் சதவீதம் மறைந்து நிற்கிறது. 10,000 ரூபாய் கடன் என்று சொல்லி 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் வசூலிப்பது உண்டு. பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், 100 நாளில் விவசாயியின் கையில் சராசரியாக நிற்பது ஏறத்தாழ 4,500 ரூபாய்தான். அதற்கு 1,000 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் இது சுமார் 80 சதவீதம். அவசரத்துக்கு வாங்க நேர்ந்தாலும் இது தெரிந்து வாங்குவது வேறு, தெரியாமல் வாங்குவது வேறு.

நிலமும் மழையும்

ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வயல் கோணல்மாணலாக இருந்தால் கயிறு பிடித்து முக்கோணங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். அடிப்பக்கம் 120 அடி, உயரம் 80 அடி உள்ள முக்கோணத் துண்டின் பரப்பு, இரண்டையும் பெருக்கியதில் பாதி, அதாவது 4,800 சதுர அடி. ஏறத்தாழ 11 சென்ட். நடவுக் கூலி, அறுவடைக் கூலி, உரம், மருந்து எல்லாமே ஏக்கர் கணக்கில் பேசப்படுவதால், இருக்கும் நிலத்தின் சரியான அளவு தெரியாதவர் எல்லாவற்றிலும் கூடுதலாகக் கொடுக்க நேரிடும்.

சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். அதில் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. புழுதி விதைப்பு செய்யும் செம்மண் பூமிக்கும் கண்மாய்ப் பாசனத்துக்கும் ஒவ்வொரு மழையும் முக்கியம். பக்கங்கள் நேராக உள்ள ஒரு தகர டப்பாவைத் திறந்த வெளியில் ஆடாமல் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு உள்ளே நிற்கும் நீரை அடிக்கோலால் அளந்து எழுதிவரப் பிள்ளைகளைப் பழக்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கரில் அது சுமார் 4,047 லிட்டர். ஆகவே 25 மில்லிமீட்டர் மழை ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரைக் கொண்டுவருகிறது. செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் கூரைத் தண்ணீரை முற்றத்தில் பிடித்துச் சேமித்ததன் அருமையும் இந்தக் கணக்கில் விளங்கும். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர்.

விதையும் உரமும்

விதை முளைப்புத் திறன் பார்ப்பதைவிட நல்ல அறிவியல் பாடம் இல்லை. நூறு விதைகளை எண்ணி எடுத்து, ஈரத் துணியில் இடைவெளி விட்டுப் பரப்பிச் சுருட்டி, காயாமல் நிழலில் வைக்க வேண்டும். உளுந்துக்கு 7 நாள், நிலக்கடலைக்கு 10 நாள், நெல்லுக்கு 14 நாள் கழித்து நல்ல முளைகளை எண்ண வேண்டும். சான்று விதைக்கு நெல்லில் 80, உளுந்தில் 75, நிலக்கடலையில் 70 சதவீதம் குறைந்தபட்ச முளைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. உளுந்தில் 75-க்குப் பதில் 60 மட்டுமே முளைத்தால், ஏக்கருக்கு 8 கிலோ போட வேண்டிய இடத்தில் 10 கிலோ தேவைப்படும். அதற்கும் கீழே போனால் விதையை மாற்றுவதே நலம். விதைத்த பிறகு வயலில் தெரிந்துகொள்வதை, விதைப்பதற்கு முன்பே வகுப்பறையில் தெரிந்துகொள்ளலாம்.

உர மூட்டையில் எழுதியிருக்கும் எண்களும் சதவீதமே. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது. மேலுரமாக ஏக்கருக்கு 20 கிலோ தழைச்சத்து என்று சிபாரிசு இருந்தால் யூரியா 43.5 கிலோ வேண்டும். ஆனால் நிலம் 35 சென்ட்தான் என்றால் 15 கிலோ போதும். பிரித்த மூட்டையை மீதம் வைக்க மனமில்லாமல் முழுவதையும் கொட்டுவதால் பணமும் வீண்; பயிர் மிகச் செழித்துப் பூச்சியும் நோயும் கூடுகின்றன.

மருந்துப் புட்டியைப் படித்தல்

பூச்சிமருந்துப் புட்டியைப் பிள்ளைகள் தொடக்கூடாது. ஆனால் அதன் சீட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சீட்டில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறம் நஞ்சின் வேகத்தைக் காட்டுகிறது. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கடும் நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை மற்றவற்றைவிடக் குறைந்தது. பச்சை என்றால் குடிக்கலாம் என்று பொருளல்ல.

அளவுக் கணக்கும் முக்கியம். லிட்டருக்கு 2 மில்லி என்று சிபாரிசு இருந்தால் 10 லிட்டர் டேங்குக்கு 20 மில்லி, 16 லிட்டர் டேங்குக்கு 32 மில்லி. மூடியால் உத்தேசமாக ஊற்றுவதைப் பிள்ளை பார்த்தால், “எத்தனை மில்லி?” என்று கேட்கப் பழக வேண்டும். காலியான புட்டியில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைக்கக்கூடாது என்பதையும், யாருக்காவது மயக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் கண்டால் 108-க்குப் போன் செய்து, புட்டியின் சீட்டையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதையும் பள்ளியில் சொல்லிக் கொடுத்தால் ஓர் உயிரையாவது காப்பாற்றலாம்.

எடையும் ஈரமும்

நெல் கொள்முதலில் 17 சதவீத ஈரப்பதம் வரம்பாகக் கொள்ளப்படுகிறது. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் 78 கிலோ உலர்ந்த பொருள் இருக்கிறது. 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் அதன் எடை சுமார் 94 கிலோ. ஆகவே ஈரத்துக்காக நியாயமாகக் கழிய வேண்டியது 6 கிலோதான். களத்தில் வந்து வாங்குபவர் பத்து கிலோ கழித்தால், 4 கிலோ ஈரத்தால் போகவில்லை என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை காகிதத்தில் காட்டிவிடும். சண்டை போட வேண்டியதில்லை; கணக்கைக் காட்டிப் பேசினால் போதும்.

கண்மாயின் ஆழம்

கண்மாயும் ஊருணியும் நிறைந்த சீமையில் பிள்ளைகள் தண்ணீரை விட்டு விலகி வளர முடியாது. வண்டல் மண் எடுத்த கண்மாயில் குழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது தண்ணீர் நிறைந்த பின் வெளியே தெரிவதில்லை. போன ஆண்டு இடுப்பளவு இருந்த இடம் இந்த ஆண்டு ஆளை மூழ்கடிக்கலாம். கண்மாய் வற்றியிருக்கும் கோடையிலேயே பெரியவர்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று குழிகளைக் காட்டிவிடுவது நல்லது. நீந்தத் தெரிந்த பெரியவர் உடனிருந்து ஆண், பெண் இரு பாலாருக்கும் நீச்சல் பழக்க வேண்டும். மூழ்குபவரைக் காப்பாற்றத் தாமும் குதிக்காமல், மூங்கில், கயிறு, சேலை எதையாவது நீட்டிப் பிடிக்கச் செய்து, கூச்சலிட்டு ஆளை அழைக்க வேண்டும் என்பதும் கட்டாயப் பாடமாக வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

உழைப்போடு சேர்ந்த கல்வி வேண்டும் என்று காந்தியடிகள் 1937-ல் வார்தா மாநாட்டில் வற்புறுத்தினார். தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோது விவசாயம் தொழிற்பாடமாகச் சேர்க்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது பதினாறு வயதில், ஒரு பிரிவு மாணவர்களுக்கு மட்டும் வருகிறது. மேலே சொன்னவை ஐந்தாம் வகுப்பிலிருந்தே எல்லாருக்கும் வேண்டியவை. அதற்குப் புதிய புத்தகமும் தேவையில்லை. இருக்கும் கணக்குப் புத்தகத்தில் ஊர் உதாரணங்களைச் சேர்த்தால் போதும்.

வீட்டில் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கித் தரலாம். தேதி, விவரம், அளவு, விலை, பற்று, வரவு என்று கோடு போட்டு, ஞாயிறுதோறும் அரை மணி நேரம் பெற்றோர் சொல்லப் பிள்ளை எழுத வேண்டும். வீட்டார் செய்த வேலைக்கும் தனியாக ஒரு பத்தி இருக்கட்டும். அதற்குக் கூலி கொடுப்பதில்லை என்பதால் அது செலவில்லை என்றாகிவிடாது. அறுவடை முடிந்ததும் மொத்தச் செலவை மகசூலால் வகுக்க வேண்டும். உதாரணமாக, செலவு 30,000 ரூபாய், மகசூல் 1,500 கிலோ என்றால் ஒரு கிலோவுக்கு அடக்கம் 20 ரூபாய். வியாபாரி விலை சொல்வதற்கு முன்பே இந்த எண் விவசாயியின் கையில் இருக்க வேண்டும்.

தாய்மார்கள் இதில் பெரிதும் உதவ முடியும். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் எழுதப்படுகின்றன. அந்தக் குழு நோட்டே பிள்ளைக்கு நல்ல பாடப் புத்தகம்.

பள்ளியில் கேட்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். மாதம் ஒரு வயல் கணக்கு வகுப்பு, மழைமானி, விதை முளைப்புச் சோதனை ஆகியவற்றைப் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கும்படி அக்குழுவில் கேட்கலாம். செட்டிநாட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உலர்நில ஆராய்ச்சி நிலையமும், குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. ஆசிரியர்கள் மாணவர்களை அங்கே ஒரு நாள் அழைத்துச் செல்லலாம்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. இதன் நோக்கம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வயலுக்கு இழுப்பது அல்ல. வயலின் பிரச்சினையைப் பள்ளிக்கு அனுப்பி, விடையை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான். அந்தப் பிள்ளை நாளை விவசாயம் செய்தாலும், திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போனாலும், சம்பளச் சீட்டையும் கடன் பத்திரத்தையும் மருந்துச் சீட்டையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்.

உழக்கு மிஞ்சுமா என்பது மழையையும் விலையையும் பொறுத்தது. எங்கே ஒழுகியது என்று அறிவது மட்டும் நம் கையில் இருக்கிறது. இந்த ஐப்பசி விதைப்புக்கு விதை வாங்கும் அன்றே நோட்டின் முதல் வரியைப் பிள்ளையின் கையால் எழுதச் செய்யுங்கள். தை மாதம் நெல் களத்துக்கு வரும்போது கடைசி வரியையும் அவர்களே எழுதட்டும்.